வியட்நாமில் குழுவாகச் சைக்கிள்: காசு கொடுத்துப் பார்க்கிற நாடகமா?

9 மே 2025 – கேள்வி

ஹோய் ஆனில் ஒரு நாள் சைக்கிள் வாடகை நம் காசில் 150 ரூபாய்கூட வராது. அதே வயல்வெளியைச் சுற்றிக்காட்டக் குழுச் சுற்றுலா என்று ஆளுக்கு 3,000 வாங்குகிறார்கள். வழியில் பாய் நெய்கிற பாட்டி, சாராயம் காய்ச்சுகிற தாத்தா, எல்லாம் ஏற்பாடு செய்த நாடகம். ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 மே, இரவு

ஏமாந்தவள் வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனிக்கிழமை, நானும் தங்கையும் போனோம். ஆளுக்கு 9,00,000 டாங். படித்ததும் நெஞ்சை அடைக்கும். கடைசி மூன்று சைபரை வெட்டிவிட்டு மூன்றேகாலால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய் வந்துவிடும். அதாவது 3,000க்குச் சற்றுக் குறைவு. மதியச் சாப்பாடு, தண்ணீர், படகு எல்லாம் சேர்த்து.

மொத்தம் ஒன்பது பேர். நாங்கள் இரண்டு பேர், தில்லியிலிருந்து அப்பா, அம்மா, பெண் என மூன்று பேர், ஒரு டச்சுத் தம்பதி, ஆஸ்திரேலிய நண்பர்கள் இரண்டு பேர். முன்னால் வழிகாட்டிப் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். கடைசியில் சைக்கிள் ரிப்பேர் பையோடு இன்னொருவர். அவர் நாள் முழுக்கப் பேசவே இல்லை. குழுவில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான்.

காலை 7.30க்குக் கிளம்பினோம். து போன் ஆற்றின் மேல் ஒரு குறுகலான பாலம், தாண்டினால் கம் கிம் தீவு. அங்கே கிம் போங் என்ற தச்சர் கிராமம். ஹோய் ஆனின் பழைய வீடுகளுக்கு மரவேலை செய்த பரம்பரை. படகும் கட்டுகிறார்கள், முகப்பில் இரண்டு கண் வரைந்த படகுகள். அப்புறம் வயல்கள், ஒரு சாராயம் காய்ச்சும் வீடு, பாய் நெய்யும் வீடு, சாப்பாடு. கடைசியில் குவா டாய் பாலம் ஏறி இறங்கி, நீர்த்தென்னைத் தோப்பில் பரிசல், ஊர் திரும்பும்போது மணி மூன்று. 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தரை தட்டு மாதிரி சமம். குவா டாய் பாலம் ஒன்றுதான் மேடு, அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மேலே கடல் காற்று ஆளை நிறுத்திவிடுகிறது.

நாடகமா என்றால், இல்லை. அவ்வளவுதான்.

10 மே, காலை

நேற்று எழுதாமல் விட்டது. போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாட்டியும் இல்லை, தாத்தாவும் இல்லை, பிரேக்.

அங்கே வண்டிகள் வலதுபக்கம் போகும். இது எல்லோருக்கும் தெரியும். நேர் சாலையில் குழுவோடு போகும்போது பிரச்சினையே இல்லை, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். ஒரு இடத்தில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறும்போதுதான் வினை. கால் தானாக இடதுபக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. "அக்கா, அக்கா, அந்தப் பக்கம் போறியே!" என்று என் தங்கை நாள் முழுக்கக் கத்தினாள். மூன்று முறை அவளே போனாள்.

பிரேக் விஷயம் யாரும் சொல்வதில்லை. நம் ஊர் சைக்கிளில் வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு. எனக்குக் கொடுத்த சைக்கிளில் இடது கைதான் முன்சக்கரம். நாற்பது வயதுக்கு மேல் இதைக் கைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு வாத்துக் கூட்டம் பாதையைக் கடந்தது, நான் பழக்கத்தில் இடது கையை அழுத்தினேன், சைக்கிள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நான் ஹேண்டில் மேல் ஏறிவிட்டேன். விழவில்லை. வாத்துகள் அவசரப்படவே இல்லை.

இன்னொன்று: துப்பட்டா. வேண்டாம். என்னுடையது செயினில் சிக்கி, பேசாத அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து பெடலைப் பின்னால் சுற்றிச் சுற்றி, கிழியாமல் எடுத்துக் கொடுத்தார். கிரீஸ் கறை மட்டும் இன்னும் போகவில்லை. எனக்கு ஐம்பத்து நாலு வயது, சைக்கிள் விட ஆரம்பித்து முப்பத்து நாலு வருஷம். வெட்கம்தான்.

10 மே, மதியம்

"இந்த வயதில் கியர் சைக்கிளா, லேடீஸ் சைக்கிள் கேட்டு வாங்கியிருக்கலாமே" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டிருக்கிறார். ஐயா, நான் புதுக்கோட்டைக்காரி. 1991ல் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தபோது கற்றுக்கொண்டது. அன்றைக்கு லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? ஜென்ட்ஸ் சைக்கிளில்தான், சேலையோடு. குறுக்குக் கம்பி இருந்தால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. குறுக்குக் கம்பி எனக்குப் பிரச்சினை இல்லை. சீட்டுதான் பிரச்சினை. அடுத்த மூன்று நாள் நாற்காலியைக் கண்டாலே பயம்.

11 மே

சரி, பாய் வீடு. கேள்வி கேட்டவருக்கு அதுதானே வேண்டும்.

இடத்தின் பெயரை 'டி' போட்டு எழுதுகிறார்கள், 'ய' என்று படிக்கிறார்கள்: யுய் வின். ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கம், உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்று நிலம். அங்கே கோரை. தூரத்திலிருந்து பார்த்து நெல் என்றுதான் நினைத்தேன், பச்சை அதே பச்சை. பக்கத்தில் போனதும் ஆளுயரம். ஒரு தண்டை ஒடித்து விரலில் உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. மூன்று பட்டை. நம் கோரைதான், இல்லாவிட்டால் அதன் சித்தி மகள்.

தண்டை நீளவாக்கில் கிழித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். சாயம் காய்ச்ச வாசலில் ஒரு பெரிய அண்டா. தறி தரையை ஒட்டி இருக்கிறது. பாவு சணல் நூல். இரண்டு பேர் உட்கார வேண்டும்: ஒருவர் நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டிப் பாவுக்குள் ஒரே தள்ளு, இன்னொருவர் கனமான கட்டையை இழுத்து அடிக்க வேண்டும். தள்ளு, அடி, தள்ளு, அடி. சின்ன வயதில் முசிறிப் பக்கம் அத்தை வீட்டில் பார்த்த தறியில் ஒரே ஆள்தான். அதைச் சொன்னேன். பையன் மொழிபெயர்த்தான். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். "உங்கள் அத்தைக்குக் கூடப் பேச ஆள் இல்லையா என்று கேட்கிறார்கள்" என்றான்.

எங்களில் ஒவ்வொருவரும் குச்சியைப் பிடித்துப் பார்த்தோம். தில்லிப் பெண் தள்ளியது பாதியில் வளைந்து நின்றது. ஆஸ்திரேலியர் ஒருவர் தள்ளியது பாட்டியின் மறுபக்கச் சுவரைத் தொட்டது. நான் தள்ளியதும் கோணல்தான். நாங்கள் போட்ட நாலு வரிசையையும் பாட்டி எங்கள் கண்ணெதிரே பிரித்து எடுத்துவிட்டு ஒழுங்காகப் போட்டாள். அந்த ஒன்றுக்காகவே இது நாடகம் இல்லை என்பேன். நாடகமாக இருந்தால் நாங்கள் போன பிறகு பிரித்திருப்பாள்.

சுவரில் கரிக்கோடுகள். வெள்ளம் ஏறிய அளவு. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர், நவம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்து போகுமாம். 2020க்கு ஒரு கோடு என் இடுப்புக்கு. 1964ல் வந்த பெருவெள்ளத்துக்குக் கோடு எங்கே என்று கேட்டதற்குப் பாட்டி கையை உத்தரத்துக்குக் காட்டினாள். அப்போது அவள் சின்னப்பெண், இந்த வீடும் இல்லை.

டச்சு அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "போரின்போது இவர்கள் எங்கே இருந்தார்கள்?" ஏப்ரல் 30 நெருங்கிக்கொண்டிருந்தது, போர் முடிந்து ஐம்பதாம் வருஷம், வீட்டுக்கு வீடு சிவப்புக் கொடி, அதனால் கேட்டிருப்பார். பையன் பாட்டியிடம் ஏதோ கேட்டான். பாட்டி இரண்டு விரலைக் காட்டினாள். "ஒரு நாளைக்கு இரண்டு பாய் நெய்வார்களாம்" என்று எங்களிடம் சொன்னான். டச்சு அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அவன் அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவன் செய்தது சரி என்றும் தோன்றியது. 3,000 ரூபாயில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

12 மே

திருத்தங்கள்.

முதலில் நெல். அங்கே விளைவது ஏற்றுமதிக்குப் போகிறது என்று வேறொரு இழையில் எழுதிவிட்டேன். தப்பு. வியட்நாம் வருஷத்துக்கு 90 லட்சம் டன் வரை அரிசி ஏற்றுமதி செய்கிறது என்பது சரி, ஆனால் அதில் பெரும்பங்கு தெற்கே மீகாங் டெல்டாவிலிருந்து. ஹோய் ஆன் இருக்கிற குவாங் நாம் மாகாணத்துப் பக்கம் துண்டு துண்டு நிலம், அரிசி பெரும்பாலும் வீட்டுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும். நிலத்தை 'சாவ்' என்ற கணக்கில் சொல்கிறார்கள். நடுவியட்நாமில் ஒரு சாவ் 500 சதுர மீட்டர், வடக்கே போனால் அதே சாவ் 360. ஒரே பெயர், இரண்டு அளவு. நம் மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் மாறியதை நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, "கோரைப்பாய் என்றால் பத்தமடையைத்தானே சொல்ல வேண்டும், முசிறி எங்கே வந்தது?" என்று சண்டைக்கு வந்தவருக்கு: கல்யாணப் பாய்க்குப் பத்தமடை. எங்கள் வீட்டில் விரித்துப் படுத்தது முசிறிப் பாய்.

மூன்றாவது, அது அறுவடை நேரம் என்பதைச் சொல்லவே இல்லை. பனிக்காலத்தில் விதைத்த பயிரை ஏப்ரல் கடைசியில் அறுக்கிறார்கள். கிராமத்துத் தார்ச்சாலையில் பாதி நெல் காய்கிறது, மீதிப் பாதியில் நாம் போக வேண்டும். ஒரு ஆஸ்திரேலியர் படம் எடுத்துக்கொண்டே நெல் மேல் சக்கரத்தை விட்டுவிட்டார். மரப்பலகையால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா விட்ட திட்டுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ச் சாலையில் நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது.

வயலுக்கு நடுவே சமாதிகள். பச்சைக்கு நடுவில் வெள்ளை, நீலம். முன்னோர்களை நிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். அறுவடை இயந்திரம் சமாதியைச் சுற்றி வளைந்து போகிறது.

13 மே

பணம், சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு.

20,000 டாங் நோட்டு நீலம். 500,000 நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். கரும்புச்சாறு குடித்துவிட்டு நீலநோட்டு ஒன்றை நீட்டிவிட்டு ஏறிவிட்டேன். கடைக்காரப் பெண் செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்து கையைப் பிடித்தாள். 65 ரூபாய்க்குப் பதில் 1,600 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அவள் அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள், அது அவள் உரிமை. அடையாளம்: 20,000ன் பின்னால் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும்.

சைவம் வேண்டுமென்றால் 'சாய்' என்று சொன்னால் போதும், அங்கே அதற்கு அதுதான் சொல். இது தெரியாத தில்லி அம்மா காலையிலிருந்து "சாய்? சாய்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், பையனும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தான். மதியம் எல்லோருக்கும் மஞ்சள் போட்ட மீ குவாங் நூடுல்ஸ், மேலே இறாலும் பன்றியும். அவருக்கு மட்டும் டோஃபு. தேநீர் வரவே இல்லை. அவர்கள் கறி சாப்பிடுகிறவர்கள் என்பதுதான் வேடிக்கை. சைவர்கள் நாங்கள் இரண்டு பேர், எங்கள் தட்டில் இறால். மாற்றிக்கொண்டோம். மீன் சாறு உள்ளே போயிருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சாராயம்: வேகவைத்த சோற்றில் ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துப் போட்டுப் புளிக்கவிட்டுக் காய்ச்சுகிறார்கள். மிஞ்சும் கசடு பன்றிக்கு. அதனால் காய்ச்சுகிற வீட்டில் பன்றிப்பட்டியும் இருக்கும். காலை 9 மணிக்கு ஒரு சின்னக் கோப்பை நீட்டினார்கள். தங்கை குடித்தாளா என்று இங்கே சொல்ல மாட்டேன், மாமியார் வீட்டார் படிக்கிறார்கள்.

பரிசல்: பிடிக்கவில்லை. மூங்கில் பரிசல் அழகு, ஒகேனக்கல் நினைவு வந்தது. ஆனால் தோப்புக்குள் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு அலறுகிறது. அதைவிட்டு நேராக ஊர் திரும்பலாம்.

13 மே, இரவு

ஒன்று மறந்துவிட்டேன். அங்கேயும் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். பையன் என் தங்கையை "சி" என்று கூப்பிட்டான். முதலில் "என்னக்கா, சீ சீங்கறான்?" என்று முகம் சுருங்கிவிட்டாள். 'சி' என்றால் அக்கா என்று தெரிந்ததும் குளிர்ந்துபோனாள். என்னை "கோ" என்றான். அத்தை. எட்டு வயது வித்தியாசத்துக்கு ஒரு தலைமுறை தள்ளிவிட்டான்.

18 மே

இதையெல்லாம் தங்கை உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, "பாதிதான் எழுதியிருக்கே அக்கா" என்கிறாள்.

அவள் பார்த்ததாகச் சொல்வது: பாய் வீட்டிலிருந்து கிளம்பும்போது, நாங்கள் எல்லாம் சைக்கிளை எடுக்க வாசலுக்கு வந்த பிறகு, பையன் பாட்டியின் கையில் ஒரு உறை கொடுத்தான். பாட்டி எண்ணிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

ஆக, கேள்வி கேட்டவர் சொன்னது பாதி சரி. ஏற்பாடுதான். தினமும் ஒரு குழு வருகிறது, தினமும் யாரோ கோணலாக நாலு வரிசை போடுகிறார்கள், தினமும் பாட்டி பிரிக்கிறாள். அந்தப் பிரிப்பும் நிகழ்ச்சியில் ஒரு அங்கமாக இருக்கலாம். 11ஆம் தேதி அவ்வளவு அடித்துப் பேசியிருக்க வேண்டாம்.

நானும் ஒன்றை மறைத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக அங்கே திரும்பிப் போனேன். 40,000 டாங்குக்கு ஒரு சைக்கிள், நம் காசில் 130 ரூபாய். தங்கை துணி தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள். வழி தெரியும் என்று நினைத்தேன். குழுவில் போகும்போது நாம் வழியையே பார்ப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாச் சந்தும் ஒன்றுபோல, எல்லா வாசலிலும் அதே கொடி. ஒன்பது பேரைப் பார்த்து வாலாட்டிய நாய்கள் ஒற்றை ஆளைப் பார்த்துத் துரத்தின. நாற்பது நிமிஷத்து வழிக்கு இரண்டு மணி நேரம்.

மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் எந்தக் குழுவும் இல்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. தள்ளு, அடி. பாட்டியும், பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும், இன்னொருத்தியும். நிமிர்ந்து பார்த்தாள், என் துப்பட்டாவில் இருந்த கிரீஸ் கறையைக் காட்டி அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐஸ் போட்ட வெறும் தேநீர் ஒரு டம்ளர் வந்தது. நான் வாசற்படியில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கேட்க ஆயிரம் இருந்தது, ஒன்றும் கேட்க முடியவில்லை. கைபேசியில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். எடுக்கத் தோன்றவில்லை, இரண்டு பேருக்கும் கை ஓயவே இல்லை.

ஒரு பாய் வாங்கினேன். 150,000. பேரம் பேசவில்லை, பேச வாய் இல்லை.

19 மே

உறை விஷயம் ராத்திரி தூங்கவிடவில்லை. அதனால் இது.

1992ல் எங்கள் மாவட்டத்துக்கு யார் யாரோ வந்தார்கள். தில்லியிலிருந்து, வெளிநாட்டிலிருந்து, பத்திரிகைக்காரர்கள், அதிகாரிகள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறார் என்று பேப்பரில் வந்துவிட்டது, பார்க்க வருவார்கள். முதல் நாளே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, வரிசையாக ஓட்டிக் காட்டுவோம். கல்குவாரியில் வேலை பார்த்த ஒரு அக்கா கேமரா முன்னால் மட்டும் பெல் அடிப்பாள், அடித்துக்கொண்டே இருப்பாள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் அதே சைக்கிளில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அப்போது யாராவது வந்து "இதெல்லாம் ஏற்பாடு" என்று சொல்லியிருந்தால் அந்த அக்கா செருப்பைக் கழற்றியிருப்பாள்.

எங்களுக்கு உறை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கிடைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

25 மே

"சைக்கிளிலேயே மீ சன் போய்வர முடியுமா?" போகலாம், ஹோய் ஆனிலிருந்து ஒரு வழி 40 கிலோமீட்டர். வெயிலில் எங்களால் முடியாது, காரில் போனோம். சம்பா என்ற பழைய நாட்டின் அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள், செங்கல். இறைவன் பெயர் பத்ரேஸ்வரர், முதலில் கோயில் எழுப்பிய பத்ரவர்மனின் பெயரையே வைத்தது. 1969 அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் போய்விட்டது. இப்போது சில தொகுதிகளைச் சீரமைத்திருப்பது நம் இந்தியத் தொல்லியல் துறை. 2020ல் அந்த வேலையின்போதுதான் ஒரே கல்லில் செதுக்கிய லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. காலை ஆறு மணிக்குள் கிளம்புங்கள். இதற்குத் தனி இழை வேண்டும், இங்கே வேண்டாம்.

3 ஜூலை

முகவரி எழுதுகிறவர்களுக்கு: இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து குவாங் நாம் மாகாணமே இல்லை, டா நாங்கோடு சேர்த்துவிட்டார்கள். மேலே நான் குவாங் நாம் என்று எழுதியதை மாற்றப்போவதில்லை, நான் போனபோது அது குவாங் நாம்.

பாய் எங்கே என்று கேட்டவருக்கு: கூடத்தில். ஓரம் பிரியவில்லை. பூனை எடுத்துக்கொண்டுவிட்டது.

4 நவம்பர்

அக்டோபர் கடைசியில் ஹோய் ஆன் வெள்ளத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பழைய ஊர்த் தெருக்களில் படகு போனது. பையனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், பதில் வரும் என்று நினைக்கவில்லை. நாலு நாள் கழித்து இன்று வந்தது.

"கோ, எல்லோரும் நலம்" என்று ஆரம்பித்திருந்தான். சுற்றுலா எதுவும் இல்லையாம், பேசாத அந்த மனிதரும் இவனும் சேர்ந்து வீடு வீடாகச் சேறு தள்ளுகிறார்களாம். பாய் வீட்டில் தறியைக் கழற்றி உத்தரத்தில் கட்டிவிட்டார்கள், தப்பித்தது. கிழித்துக் காயவைத்திருந்த கோரை எல்லாம் போய்விட்டது. ஒரு படமும் அனுப்பியிருக்கிறான். அதே சுவர். 2020 கோடு சேற்றுக்கு அடியில் மங்கலாகத் தெரிகிறது. அதற்கு மேலே, ஒரு கை தூரத்தில், கரியால் புதிதாக ஒன்று இழுத்திருக்கிறார்கள். கோடு நேராக இருக்கிறது, பாட்டி போட்டதாகத்தான் இருக்கும்.